நக்வாவின் தேதி போடாத செக்

நக்வா என்னைக் கல்லாப்பெட்டி என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தின் கட்டண அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது என்று திருப்பிக் கேட்பாள். வரிசையில் பெற்றோர் நிற்கும்போதே எட்டிப் பார்த்து, "என்ன கல்லாப்பெட்டி, சிரிச்சா சில்லறை கொட்டிடுமா?" என்று அரபியில் கத்துவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதிலுக்கு நானும், "போடி, உன் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் இல்ல" என்பேன். பத்தொன்பது வருடம் இந்த ஊரில் இருந்ததில் எகிப்துக்காரிகளோடு சண்டை போடுகிற அளவுக்கு அரபி வந்திருந்தது.

எகிப்தில் தான்தா என்ற ஊரில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தவள் அவள். துபாயில் எங்கள் பள்ளியின் மழலை வகுப்பில் மூக்குத் துடைத்து, ஷூ கயிறு கட்டிவிட்டாள். சம்பளத்துக்காக இல்லை. அங்கே வேலை பார்த்தால் சொந்தப் பிள்ளைகளுக்குக் கட்டணம் பாதி. அந்தப் பாதிக்காக மூக்குத் துடைத்தவர்கள் எட்டுப் பேர்; அதில் ஒருத்தி பல் டாக்டர், ஒருத்தி வக்கீல். மீதிப் பாதியை நக்வாவின் புருஷன் அஷ்ரஃபின் கம்பெனி கொடுத்தது. அப்படித்தான் அவள் மகள் லமீஸும் மகன் ஸியாதும் இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் படித்தார்கள்.

வருட ஆரம்பத்திலேயே மூன்று பருவத்துக்கும் மூன்று செக், அந்தந்தப் பருவத்துத் தேதி போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சலுகை வாங்குபவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பள்ளியின் விதி. ஆகவே நக்வாவின் கணக்கு, நக்வாவின் கையெழுத்து. தேதி வரும்போது அஷ்ரஃப் அவள் கணக்கில் பணம் போட்டுவிடுவார்.

அன்றைக்கெல்லாம் செக் திரும்பினால் போலீஸ்தான். அதற்கு முந்தின வருடம் ஒரு தகப்பனை விமான நிலையத்தில், பிள்ளை கையைப் பிடித்தபடி நின்றவரை, அழைத்துக்கொண்டு போனார்கள். அவருடைய செக்கை வங்கிக்கு அனுப்பிய உறையை ஒட்டியது நான்தான். அதற்குப் பிறகு உறை ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு செக்கின் பெயரையும் இரண்டு தடவை படிப்பேன்.

2013 ஏப்ரல், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். இங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை; ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வங்கிக்குப் போக வேண்டிய செக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நக்வா ஏப்ரனில் பச்சைப் பெயிண்டோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கல்லாப்பெட்டி என்று சொல்லவில்லை.

"ஜெசிந்தா, என் செக்க அனுப்பாத."

"என்னடி சொல்ற?"

"அஷ்ரஃப வேலைய விட்டு எடுத்து அஞ்சு வாரமாச்சு. கணக்க முடிச்சு கம்பெனி குடுத்த பணம் பேங்குக்கு வந்துச்சு. வந்த அன்னிக்கே கார் கடனுக்காக பேங்க்காரன் அவர் கணக்கப் பூட்டிட்டான். என் கணக்குல எண்ணூறு திர்ஹம்தான் இருக்கு."

செக்கில் பதினாலாயிரம் என்று எழுதியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அறிவு இருக்கா உனக்கு? ஒரு வாரம் முன்னாடி லெட்டர் குடுத்திருந்தா தேதிய மாத்தியிருக்கலாம்ல?"

"லெட்டர் குடுத்தா அஷ்ரஃபுக்கு வேலை போனது மேனேஜருக்குத் தெரியும். அஷ்ரஃபோட விசாலதானே நாங்க எல்லாரும் இங்க இருக்கோம். ஊர விட்டுப் போகப்போறவங்கன்னு மேனேஜர் எனக்கும் சீட்டக் கிழிச்சிருவார். பிள்ளைங்கள நடு வருஷத்துல எங்க சேக்குறது?" மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என்னைப் பிடிச்சுட்டுப் போனா ஸியாத் யாரோட தூங்குவான்? நான் பக்கத்துல இல்லாம அவன் தூங்கவே மாட்டானே."

அந்தச் செக்கை என்னால் எடுத்து ஒளித்து வைக்க முடியாது. பட்டியல் ஏற்கெனவே மேனேஜர் கைக்குப் போய்விட்டது. ஞாயிறு எட்டு மணிக்குள் ரொக்கம் கட்டினால் செக்கைத் திருப்பிக் கொடுக்கலாம். அது ஒன்றுதான் வழி. அவளுக்கும் அது தெரியும்.

"கமெய்யாவில இந்த மாச முறை உன்னோடது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கமெய்யா என்பது நம்ம ஊர்ச் சீட்டு மாதிரிதான்; ஏலமும் கிடையாது, கழிவும் கிடையாது. பத்துப் பெண்கள், ஆளுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு. ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை மாதம் ஒருத்தி முழுப் பதினைந்தாயிரத்தையும் எடுத்துக்கொள்வாள். இந்த ஊரில் பாதிப் பள்ளிக் கட்டணம் இப்படித்தான் கட்டுப்படியாகிறது. ஏப்ரல் என் முறை, அக்டோபர் அவள் முறை. முறையை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் விட்டுக்கொடுத்தவள்தான் வாங்கியவளுக்கு ஜவாப்தாரி; வாங்கியவளின் மாதத் தவணையும் இவள் கை வழியாகத்தான் போகும். அவள் பாதியில் விமானம் ஏறிவிட்டால் மீதி ஆறு மாதத்துக்கு ஒன்பதாயிரத்தை நான் கட்ட வேண்டும். என் மகளுக்கும் செப்டம்பரில் செக் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

"சனிக்கிழமை சொல்றேன்" என்றேன்.

வெள்ளி முழுக்க அந்த ஒன்பதாயிரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம்.

சனிக்கிழமை காலை சீட்டுக் கூடுவது ஷார்ஜாவில் நக்வாவின் வீட்டில். கட்டடத்தின் கீழே கார் நிறுத்தும் இடத்தில் அஷ்ரஃபைப் பார்த்தேன். அலுவலகச் சட்டை, டை எல்லாம் போட்டு, காருக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். சனிக்கிழமையும் வேலைக்குப் போயிருப்பதாக மேலே சொல்லியிருக்கிறார்கள் போல. என்னைக் கண்டதும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். நான் பார்க்காததுபோல லிஃப்டுக்குப் போனேன்.

மேலே ஒரே சிரிப்பு. திராட்சை இலைக்குள் சோறு வைத்துச் சுருட்டி அடுக்கிய தட்டோடு நக்வா வளைய வந்துகொண்டிருந்தாள். "ஏய், டீயில உப்பையா போட்ட?" என்று ஒருத்தி கேட்டாள். "உனக்கு மட்டும்தான்டி, உன் நாக்குக்கு அதுதான் சரி" என்றாள் நக்வா. எல்லாரும் சிரித்தார்கள். அவள் உதடு வெளுத்திருந்தது.

அடுப்படிக்குள் அவளை இழுத்துக்கொண்டு போனேன். "சரி, எடுத்துக்க" என்றேன். என் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தாள். அழுதாள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

பத்தொன்பது வருடம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த பழக்கம், தானாக வந்துவிட்டது. "ஒன்பதாயிரத்துக்கு ஒரு செக் குடுத்துரு. தேதி போட வேண்டாம்."

இங்கே எல்லாரும் எல்லாரிடமும் வாங்குவதுதான். வீட்டுக்காரன் வாங்குவான், வங்கி வாங்கும், பள்ளி வாங்கும். வேண்டியபோது தேதியைப் போட்டு வங்கிக்கு அனுப்புவார்கள்; பணம் இல்லாமல் திரும்பினால் போலீஸ். ஆனால் பெண்கள் கமெய்யாவுக்குள் யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

அவள் என் கையை விட்டாள். "கணக்குல ஒண்ணும் இல்லையே ஜெசிந்தா."

"பரவால்ல. கையெழுத்து இருந்தா போதும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கும் பயம். அடுப்பு மேடையில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் செக் புத்தகத்தை வைத்து எழுதிக் கொடுத்தாள்.

கூடத்துக்கு வந்து, "என் முறைய நக்வாவுக்குக் குடுத்துட்டேன். லமீஸுக்குப் பல்லுல கம்பி போடணுமாம்" என்று பொய் சொன்னேன். "அடேங்கப்பா, கல்லாப்பெட்டி திறந்துருச்சே!" என்று ஒருத்தி கை தட்டினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நக்வா காலி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை ஏழேகாலுக்கு அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். பதினாலாயிரத்தை எண்ணி வாங்கி, ரசீது போட்டு, கட்டிலிருந்து அவள் செக்கை உருவிக் கொடுத்தேன். எட்டு மணிக்கு உறையை ஒட்டினேன். அன்றைக்குப் பெயர்களை இரண்டாம் தடவை படிக்கவில்லை. பெரிய புண்ணியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

"தேங்க்யூ மேடம்" என்றாள் போகும்போது. கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன்.

கிண்டல் இல்லை. மே மாதம் ஒன்றாம் தேதியே உறையில் சீட்டுத் தவணைப் பணத்தோடு வந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. சாப்பாட்டு அறையில் நான் நுழைந்தால் அவள் பேச்சு நின்றுவிடும். எழுந்து எனக்கு நாற்காலியை எடுத்துப் போடுவாள். வங்கிக்காரன் காரை எடுத்துக்கொண்டு போனான். ஜூனில் அஷ்ரஃபுக்குப் பாதிச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. பள்ளிக் கட்டணம் தராத கம்பெனி. அவள் சாயங்காலம் இரண்டு வீட்டில் அரபி டியூஷன் எடுத்தாள். என் பணம் மட்டும் ஒரு நாள் பிந்தவில்லை.

ஜூலையில் என்னால் தாங்க முடியவில்லை. "ஏண்டி இப்படிப் பண்ற? முன்ன மாதிரி கல்லாப்பெட்டின்னு கூப்பிடேன்."

"ஐயோ, வேண்டாம் மேடம்" என்றாள். கழுத்து வரை சிவந்துபோயிற்று. மேசையின் இழுப்பறையை ஒரு தடவை பார்த்தாள்.

செக் அங்கேதான் இருந்தது. அன்றைக்கே எடுத்துக் கிழித்துப் போட்டிருக்கலாம். கை அந்த இழுப்பறைப் பிடி வரைக்கும் போயிற்று. மூவாயிரம் கட்டியாயிற்று, இந்த மாதம் கட்டினால் பாக்கி இன்னும் நாலாயிரத்து ஐந்நூறு என்று உள்ளே ஒன்று கணக்குப் போட்டது. கையை எடுத்துக்கொண்டேன். செப்டம்பரில் என் மகளின் செக்குக்கு என் வளையல்களை அடகு வைத்தேன். அக்டோபர் சீட்டுப் பணத்தில் மீட்டேன்.

அக்டோபரில் கடைசி ஆயிரத்து ஐந்நூறைக் கொடுத்தாள். நான் செக்கை எடுத்து நீட்டினேன். தன் கையெழுத்தா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான்காக, எட்டாகக் கிழித்தாள். குப்பைக்கூடையை அவள் பக்கம் தள்ளினேன். அவள் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அடியே, இப்பவாவது..." என்று ஆரம்பித்தேன்.

"மேடம், எனக்கு வகுப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.