தண்ணீருக்குள் ஐந்து விரல்கள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் நான் சண்டைக்கு வரமாட்டேன். கதை கட்டுகிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது எனக்கு நடந்தது. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல் மூன்று மணி. ஆனால் எங்கள் லேசர் அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் அங்கே எப்போதும் ராத்திரிதான்.

என் வேலை கண்ணாடி செய்வது. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும்; தண்ணீருக்குள் மூழ்கியபடியே படபடவென்று ஆடும். உடம்பின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் உள்ளே ஓடும் ரத்தம் மெல்லிய சத்தம் எழுப்பும். காதுக்குக் கேட்காது. எங்கள் கண்ணாடி ஒளியை வரிவரியாக நகர்த்தும், திரும்பி வரும் சத்தத்தையும் வாங்கித் தரும். கம்ப்யூட்டர் அதை ரத்தக் குழாய்களின் படமாக வரைந்துவிடும். அந்தச் சத்தம் வந்து சேரத் தண்ணீர் வேண்டும். அதனால் கையைத் தொட்டிக்குள் வைத்துத்தான் படம் எடுப்போம்.

மறுநாள் டாக்டர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் ஒரு மனிதக் கையில் சோதித்தாக வேண்டும். வருகிறேன் என்றவர் கடைசி நேரத்தில் கம்பி நீட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் ஆபீஸ் டிரைவரைக் கூப்பிட்டேன். நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசாத மனிதர்.

"அண்ணே, பத்து நிமிஷம் கைய மட்டும் கடன் குடுங்க. பத்திரமா திருப்பித் தந்துடறேன்."

அவர் சிரிக்கவில்லை. தொட்டியையே பார்த்தார்.

"தண்ணிக்குள்ளயா மேடம்?"

"ஆமா. வலிக்கவே வலிக்காது."

"இடது கைய வெச்சுக்கலாமா?"

"ஸ்டாண்டு வலது கைக்குத்தான் செஞ்சிருக்கு அண்ணே."

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, வலது கையைத் தண்ணீரில் இறக்கினார். லேசர் படாமலிருக்க இருவரும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். விளக்கை அணைத்தேன்.

ங்ங்ங்... கொசு பறப்பதுபோல் கண்ணாடி ஆடத் தொடங்கியது.

திரையில் அவர் மணிக்கட்டு வரிவரியாக வந்தது. ஆக்சிஜன் உள்ள ரத்தம் சிவப்பு, இல்லாதது நீலம். மூன்று வருட உழைப்பு. துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

அப்போதுதான் அந்த நீலக் கோடுகளைப் பார்த்தேன். மணிக்கட்டுக்குக் குறுக்கே நான்கு. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று.

தொட்டிச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, சோதனைக்கென்று வைத்திருக்கும் காய்ந்த இலையை வைத்தேன். இலை நரம்பு மட்டும் சுத்தமாக வந்தது. ஒரு கோடுகூடக் கூடுதலாக இல்லை.

மறுபடியும் அவர் கை.

மறுபடியும் ஐந்து கோடுகள். ஆனால் இப்போது... அரை அங்குலம் மேலே ஏறியிருந்தன.

ஆழத்தைப் பார்த்தேன். அவை தோலுக்கு உள்ளே இல்லை. வெளியே. தண்ணீரில்.

கோடுகள் இல்லை அவை. விரல்கள். சின்ன விரல்கள்... ஒரு குழந்தையின் கை அளவு.

அவர் நாடி துடித்தது.

நீலம் துடிக்கவில்லை.

"தெரியுதா மேடம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரை என் பக்கம் திரும்பியிருந்தது. அவரால் அதைப் பார்க்க முடியாது.

"என்ன... என்ன தெரியணும்?"

"எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிட்டிருந்தேன்."

எல்லாவற்றையும் அணைத்தேன். கண்ணாடி நின்றது. சத்தம் நின்றது.

தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. ளக்... ளக்... ளக்...

"கைய எடுங்க அண்ணே!"

"வர மாட்டேங்குது மேடம்."

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு, இருட்டில் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

என் விரல்களுக்கு அடியில்...

இன்னும் சில விரல்கள்.

ஜில்லென்று.

கத்திக்கொண்டே இழுத்தேன். அவர் கை சட்டென்று வந்துவிட்டது. தட்டுத்தடுமாறி விளக்கைப் போட்டேன். தொட்டியில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

அவர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு என் கையைப் பார்த்தார். அந்த மலர்ச்சி அப்படியே வடிந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க மேடம்."

அவ்வளவுதான். போய்விட்டார். அதன் பிறகு வேலைக்கு வரவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, அவருடைய சம்பள பாக்கி விஷயமாக அவர் மனைவி ஆபீசுக்கு வந்தாள். நேராக என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அவருக்கு என்ன வைத்தியம் பண்ணீங்கம்மா? நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் மனுஷன் தூங்கறார்."

"நாலு வருஷமா? என்ன ஆச்சு?"

அவள்தான் சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன் அவர் ஓட்டிய கார் கால்வாயில் கவிழ்ந்திருக்கிறது. கூட இருந்தது அவர் தங்கை மகள். ஆறு வயது. இரண்டு பேரையும் வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது இவருக்கு மட்டும்.

"மாமா மாமான்னு இவர் மணிக்கட்டப் புடிச்ச புடிய புள்ள விடவே இல்லம்மா. ஆஸ்பத்திரியிலதான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தாங்க."

நான் என் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"இப்ப அது விட்டுடுச்சுன்னு சொல்றார். யாரப் புடிச்சிருக்குன்னு கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறார்..."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"