காவடிக்காக நிறுத்திய குளிசை

என் மனிசனின் மருந்துக் குளிசையை நிறுத்த வைத்தது நீங்கள்தான். எங்கள் கோயிலில் தேர்த் திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறவர்களுக்கெல்லாம் பொறுப்பாக நிற்கிறவர் நீங்கள். எல்லாரும் உங்களை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவேன்.

மனிசன் இப்போது குசினியில் நின்று வெங்காயம் வெட்டுகிறார். வலது கையால்தான் கத்தியைப் பிடித்திருக்கிறார். ரேடியோவில் யாரோ கிரிக்கெட்டைப் பற்றிப் பிழையாகக் கதைக்கிறார் என்று அந்த ஆளோடு சண்டை பிடிக்கிறார். ஒரு சொல்லும் தடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் பயந்துகொண்டு வாசிக்க வேண்டாம். ஆள் தப்பிவிட்டார். தப்பியபடியால்தான் எனக்குக் கோபப்பட நேரம் கிடைத்திருக்கிறது.

பிரஷர் பார்க்கப் போன இடத்தில்தான் அவருடைய இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று கண்டுபிடித்தார்கள். நேர்ஸ் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தவள் கனநேரம் விடவில்லை. முகம் மாறி, எழும்பிப் போய் டொக்டரைக் கூட்டிவந்தாள். பிறகு நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்தின் மேல் அறை சரியாகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கிறது என்றார் டொக்டர். நடுங்கினால் இரத்தம் அங்கே தேங்கும். தேங்கினால் கட்டிபடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறபடியால் ஆபத்து இன்னும் கூட. அதனால் இரத்தம் கட்டிபடாமல் இருக்க ஒரு குளிசை, காலையும் இரவும். ஒரு வேளையும் தவற விடக்கூடாது, நிறுத்தினால் ஒரு நாளிலேயே அதன் பாதுகாப்புப் போய்விடும் என்று பார்மசியிலும் சொல்லித்தான் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் தொடங்கினார்.

“எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. நெஞ்சு நோகேல்லை, மூச்சு வாங்கேல்லை. பிறகு என்னத்துக்கு இது?”

“செய்யிறதுக்கு முதல் எடுக்கத்தான் தந்தது. கார் இன்சூரன்ஸ் என்னத்துக்குக் கட்டுறியள்?”

“அது சட்டம்.”

“இதுவும் சட்டம்தான். என்ர சட்டம்.”

முணுமுணுத்தார், ஆனால் எடுத்தார். ஒரு வேளையும் விட்டதில்லை. வெளியில் சாப்பிடப் போனாலும் சட்டைப் பையில் குளிசை இருக்கும். அதோடு, எனக்குச் சொல்லாமல் முருகனுக்கு ஒரு நேர்த்தியும் வைத்தார். நெஞ்சு சரிவர வேண்டும், இந்தத் தேருக்குச் செடில் குத்திக் காவடி எடுக்கிறேன் என்று. முதுகில் முள்ளுக் குத்திக் கயிறு கட்டி ஆடுகிற காவடி. அறுபது தாண்டின மனிசனுக்கு இது தேவையா என்று நான் பேசினேன். “பால்குடம் எடுத்தாக் காணாதோ? முருகன் என்ன, முதுகில முள்ளை எண்ணிக்கொண்டோ இருக்கிறார்?” என்று கேட்டேன். நேர்த்தியை மாற்ற ஏலாது என்றார். சரி, கும்பிடுகிற மனிசன், விடுவம் என்று விட்டேன்.

காவடி எடுக்கிறவர்களை நீங்கள் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கதைத்தது பிறகுதான் எனக்குத் தெரியும். அங்கே நீங்கள் சொன்னதை, எல்லாம் நடந்து முடிந்த பிறகு இவரே எனக்குச் சொன்னார்.

“போன வருசம் ஒராளுக்கு ரத்தம் நிக்கேல்லை. வேட்டியெல்லாம் ரத்தம். ரோட்டில நிண்ட பொலிஸ்காரன் பாத்திட்டான். ஊர்வலத்துக்கு அனுமதி தாற கவுன்சில் கேள்விப்பட்டால் அடுத்த வருசம் காவடியே இல்லை. ரத்தத்தை மெல்லிசாக்கிற குளிசை எடுக்கிற ஆக்கள் ஒரு கிழமைக்கு முன்னமே நிப்பாட்டிப் போடுங்கோ.”

இவர் கேட்டிருக்கிறார். “டொக்டரிட்ட ஒருக்காக் கேக்கத் தேவையில்லையோ அண்ணை?”

“டொக்டரிட்டக் கேட்டால், காவடியே எடுக்காதை எண்டுதான் சொல்லுவார். முருகனுக்காக ஒரு கிழமை. அவர் பாத்துக்கொள்ளுவார்.”

எல்லாரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. இரத்தம் ஓடினால் எல்லார் கண்ணுக்கும் தெரியும், வேட்டியில் தெரியும், பொலிஸ்காரனுக்கும் தெரியும். உள்ளே கட்டிபடுவது ஒருத்தருக்கும் தெரியாது. தெரிகிறதுக்குப் பயந்து தெரியாததை விட்டுவிட்டீர்கள். நெஞ்சு சரிவர வைத்த நேர்த்திக்காக, நெஞ்சுக்குத் தந்த மருந்தை நிறுத்தினார் என் மனிசன். இதை எந்த மொழியில் சொன்னாலும் மடத்தனம்தான்.

வீட்டில் இருந்த எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று சிலர் கேட்டார்கள். காவடி விரதம் பிடிக்கிறவர் எங்கள் வீட்டில் தனியாகத்தான் படுப்பார். இவர் கீழே முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார். நான் மேலே. காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு முன்னால் இருப்பார். ஒரு நேரம் மரக்கறிச் சோறு. அந்தக் கிழமை அவரோடு நான் அதிகம் கதைக்கவும் இல்லை. குளிசை எடுத்தீர்களா என்று கேட்டுத் திரிய அவர் குழந்தையும் இல்லை.

திருவிழாவன்று எங்கள் வீடு இருக்கிற வால்தம்ஸ்டோவில் இருந்து காலையிலேயே காரில் போனோம். நல்ல வெயில். கோயிலுக்குப் பின்னால், கார் விடுகிற இடத்தில் காவடிக்காரர்களை வரிசையாக ஸ்டூலில் இருத்தியிருந்தார்கள். இவருக்கு நெஞ்செல்லாம் சந்தனம். செடில் குத்துகிறவர் மட்டக்களப்புக்காரர், அளந்துதான் கதைப்பார். முள்ளுகளைத் தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு இவருக்கு முன்னால் வந்து நின்றார்.

அப்போதுதான் இவருடைய வலது கையில் இருந்த எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டது. இவர் அதைப் பார்க்கவும் இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்தார். வாயில் இருந்து ஏதோ சத்தம் வந்தது, சொல் இல்லை.

“சாமி உரு வந்திட்டுது,” என்று கத்தினீர்கள் நீங்கள். “மேளத்தை இறுக்கி அடியுங்கோ.”

மேளம் எழும்பியது. நின்ற சனம் முழுக்க அரோகரா என்றது. யாரோ இவர் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு மனிசி கையெடுத்துக் கும்பிட்டாள். என் மனிசனின் மூளைக்கு இரத்தம் போகாமல் நிற்கிறது, அவரைச் சாமி என்று கும்பிடுகிறார்கள்.

நான் பெண்கள் பக்கத்தில் இருந்து இடித்துக்கொண்டு வந்தேன். உரு வந்த ஆட்களை எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் வாயின் ஒரு பக்கம் மட்டும் தொங்கியதில்லை.

“இது உரு இல்லை. வாயைப் பாருங்கோ.”

“தங்கச்சி, தள்ளி நில்லும். சாமி வாற நேரம்.”

“சாமி வரட்டும். முதல்ல அம்புலன்ஸ் வரட்டும்.”

செடில்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். “நான் குத்தமாட்டன் அண்ணை. இவற்ற கண் என்னைப் பாக்கேல்லை,” என்றார். நான் இவருடைய இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து விட்டேன். இடது கை நின்றது. வலது கை பொத்தென்று மடியில் விழுந்தது. என் பெயரைச் சொல்லுங்கோ என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் கூப்பிட்ட பெயர். அவருக்கு வரவில்லை. போனை எடுத்தேன்.

அம்புலன்ஸ் கெதியில் வந்துவிட்டது. அதில் வந்த பொம்பிளைப் பிள்ளை என்னிடம் முதலில் கேட்டதே, என்ன மருந்து எடுக்கிறார், இரத்தம் கட்டிபடாமல் இருக்கிற குளிசையைக் கடைசியாக எப்போது எடுத்தார் என்றுதான். இன்று காலையில் எடுத்தவர் என்றேன். யோசிக்கவும் இல்லை. எடுக்காமல் விடுகிற ஆளில்லையே.

நீங்கள் இவருடைய சால்வையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். அவள் கேட்டதும் உங்களுக்குக் கேட்டது, நான் சொன்னதும் கேட்டது. இங்கிலீஷ் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் உடனே தலையை ஸ்கான் எடுத்தார்கள். இரத்தக் கசிவு இல்லை, ஒரு சின்னக் குழாயைக் கட்டி அடைத்திருக்கிறது என்றார் டொக்டர். தலைமயிரைக் கட்டையாக வெட்டின ஒரு பொம்பிளை, சுற்றி வளைக்காமல் கதைக்கிறவர். கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, அதைச் சில மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். ஆனால் இன்று காலையில் அந்தக் குளிசையை எடுத்தவருக்குப் போட ஏலாது, மூளைக்குள் இரத்தம் கசிந்து ஆள் போய்விடலாம். கம்பி விட்டு இழுத்து எடுக்கிற அளவுக்குப் பெரிய குழாயும் இல்லை. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ, காலையில் எடுத்தது உறுதிதானா?” என்று திரும்பவும் கேட்டார். உறுதி என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லால் என் மனிசனுக்கு ஊசி இல்லாமல் போகப் பார்த்தது.

அவர் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறப்பார், ஒன்றும் வராது, மூடுவார். எனக்கு எதையோ சொல்லப் பார்க்கிறார் என்று விளங்கியது. என்னவென்று விளங்கவில்லை.

அப்போது போன் அடித்தது. செடில்காரர். என் மச்சாளிடம் நம்பர் வாங்கியிருக்கிறார்.

“அக்கா, நீங்கள் குளிசை காலமை எடுத்தவர் எண்டு சொன்னீங்கள். அது பிழை. அவர் ஒரு கிழமையா எடுக்கேல்லை.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“குத்துறதுக்கு முதல் எல்லாரிட்டயும் கேக்கிறனான். நிப்பாட்டினீங்களோ எண்டு கேட்டன். ஓம், அண்ணை சொன்ன நாளே நிப்பாட்டினது எண்டவர்.”

“அங்கயே ஏன் வாய் திறக்கேல்லை?”

“திறக்கத்தான் வந்தனான் அக்கா. அண்ணை கையைக் காட்டிப் பேசாதை எண்டிட்டார். கோயிலுக்குக் கெட்ட பேர் வருமாம். எனக்கு மனம் கேக்கேல்லை.”

நான் ஓடினேன். செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது. டொக்டரைப் பிடித்து, எடுக்கவில்லை, ஒரு கிழமையாக எடுக்கவில்லை என்றேன். அவர் இவரிடம் குனிந்து, குளிசையை நிறுத்தினீங்களா, ஓம் என்றால் என் கையை இறுக்குங்கோ என்றார். நான் தமிழில் சொன்னேன். இடது கையால் இறுக்கினார். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. இதைத்தான் சொல்லப் பார்த்திருக்கிறார். இரத்தத்தையும் ஒருமுறை சோதித்துவிட்டு ஊசியைப் போட்டார்கள்.

நான் கதிரையில் இருந்தேன். என்ன கும்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. பின்னேரம் வலது கைப் பெருவிரல் அசைந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று நேர்ஸைக் கூப்பிட்டேன். அவளும் பார்த்தாள். பிறகு விரல்கள், பிறகு கை. வாய் நேராக வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். கொன்னை தட்டினாலும் சொல் விளங்கியது.

“காரை எங்க விட்டனாங்கள்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க ஏலவில்லை. நேர்ஸ் என்ன நடந்தது என்று ஓடி வந்தாள். கார் நின்றது அந்த வீதி ஆட்களுக்கு மட்டும் உரிய, மற்றவர்களுக்குத் தண்டம் எழுதுகிற இடத்தில், அதைச் சொன்னால் மனிசனுக்குத் திரும்பவும் ஏதாவது வந்துவிடும் என்று, நல்ல இடத்தில்தான் நிற்கிறது என்றேன். அந்தக் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டேன். அப்படி ஒரு நித்திரை எனக்கு வருடக்கணக்காக வந்ததில்லை.

வீட்டுக்கு வரும்போது டொக்டர் அவருக்கு நன்றாக ஏச்சுக் கொடுத்தார். பல்லுப் பிடுங்குவதென்றாலும் எங்களைக் கேட்காமல் இந்தக் குளிசையில் கை வைக்கக்கூடாது என்றார். எப்போது திரும்பத் தொடங்குவது என்றும் அவர்தான் சொன்னார். இப்போது காலையும் இரவும் எடுக்கிறார், எனக்கு முன்னால் நின்று எடுக்கிறார், எடுத்துவிட்டு நாக்கை நீட்டியும் காட்டுகிறார். பகிடியாம்.

“அண்ணையைப் பேசாதையும்,” என்கிறார் என்னிடம். “நல்லதை நினைச்சுத்தான் சொன்னவர். கேட்டது நான்தானே.”

அதை நான் ஒத்துக்கொள்கிறேன். தெரியாமல் சொன்னதை மன்னிக்கலாம். பேசாதை என்று கை காட்டினதை எப்படி மன்னிப்பது?

நீங்கள் திருநீறும் பழமும் கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். “முருகன் காப்பாத்திப் போட்டான்,” என்றீர்கள்.

“ஓம் அண்ணை. செடில்காரரைப் போன் எடுக்கச் சொன்னதும் முருகன்தான். உங்களுக்கு என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனீர்கள்.

அதோடு நான் விட்டிருப்பேன். மனிசன் கிடைத்துவிட்டார், எனக்கு அது போதும். ஆனால் போன கிழமை மரக்கறிக் கடையில் ஸ்ட்ரெதத்தில் இருந்து வந்த ஒரு ஐயாவைக் கண்டேன். எங்கள் கோயிலுக்கு வருகிறவர், இவரைப் போலவே இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர். தைப்பூசத்துக்குச் செடில் குத்தப் போகிறாராம். குளிசையை நிறுத்தியாயிற்றாம். யார் சொன்னது என்று கேட்டேன். “வேற ஆர், அண்ணைதான்,” என்றார். கடையிலேயே நிறுத்திவைத்து, அவருடைய போனில் இருந்தே பார்மசிக்கு அடிக்க வைத்தேன். ஒருவரைக் கண்டேன். மற்றவர்களை நான் எந்தக் கடையில் தேடுவது?

வருகிற ஞாயிறு கோயில் பொதுக்கூட்டம். நானும் வருவேன், இவரும் வருவார். இன்னும் யார் யாரிடம் குளிசையை நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள்? அவர்களில் யார் இன்றைக்கும் எடுக்காமல் இருக்கிறார்கள்? எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று பதில் சொல்லுங்கள், அண்ணை.