ஒரே ஆளின் இரண்டு கன்னங்கள்

பேருந்துப் பணிமனையில் எழுத்தராகச் சேர்ந்த அன்று, ஓட்டுநர் ஒருவருக்கு அவருடைய இடப்பக்கம் நின்று வணக்கம் வைத்தேன். மேசையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்ததும், வேறு ஆள் என்று நினைத்து இன்னொரு வணக்கம் வைத்தேன். "ஒரு ஆளுக்கு ஒண்ணு போதும் தம்பி," என்றார்.

இருபத்திரண்டு வருடமாக வலப்பக்க ஜன்னலோரம்தான் அவர் இருக்கை. வலக் கன்னம் கரிச்சட்டி. இடக் கன்னத்தில் இன்னும் கல்யாணப் படத்து நிறம். பணிமனையில் அவருக்கு 'ரெட்டையர்' என்றே பெயர். கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்புவார், இடப்பக்கமாக.

முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகுதான் வினை பிடித்தது. அதில் ஏற்றியிருந்தது அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம். மூன்று நாள் பச்சை விளக்கு எரிந்தால் ஒரு நாள் சிவப்பு. மாதத்தில் பத்துச் சிவப்பு விழுந்தால் வண்டியைப் பறித்துக் கிடங்கில் உட்காரவைத்துவிடுவார்கள். புதுப் படம் எடுக்கச் சொல்லி எழுதினோம். முகம்தான் படத்துக்குப் பொருந்த வேண்டும் என்று தலைமையகம் பதில் போட்டது.

"கறுப்பை எடுக்கறதுதான் கஷ்டம்ணே," என்றார் நடத்துநர். "வெளுத்த பக்கத்தையும் கறுக்கவிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்ல."

ஓட்டுநருக்கு அது வேதவாக்கு. வண்டி ஓய்வில் நிற்கும் மதியங்களில் இடப்பக்கப் பயணி இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பிகளில் கன்னத்தை அழுத்தி வெயில் குடித்தார். ஒரே மாதத்தில் கன்னம் கறுத்தது, கம்பி பட்ட மூன்று கோடுகளைத் தவிர. இயந்திரம் பச்சையையே மறந்துபோனது.

"அந்தப் பக்கம் டிரைவர், இந்தப் பக்கம் டிக்கெட் எடுக்காத பயணி," என்றாள் மனைவி. "நடுவுல என் புருஷனைக் காணோம்." அடுத்த மாதத்தின் ஒன்பதாவது சிவப்பன்று அவரைத் தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஜன்னலை மூடித்தானேம்மா ஓட்டறேன்," என்றார் அவர் மருத்துவரிடம்.

"கண்ணாடி தோல் எரியறதைத்தான் தடுக்கும்யா. கறுக்கவைக்கிற கதிர் உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கும். தோல் தன்னைக் காப்பாத்திக்கத்தான் நிறமியைக் கூட்டுது."

"நல்லா தேய்ச்சா போயிடாதா?"

"தேய்ச்சா இன்னும் கறுக்கும். வெளுப்பாக்கற கிரீம்னு கடையில எதையாவது வாங்கிப் பூசிடாதீங்க. முதல்ல வெயிலை நிறுத்துங்க. மாசக்கணக்கா ஆகும்."

வெயில் தடுப்புக் களிம்பு, முழுக்கைச் சட்டை, படுக்கும்முன் பூச ஒரு மருந்து. மருத்துவச் சீட்டைப் பார்த்து மேலாளர் ஐந்து மாதம் தவணை கொடுத்தார். அதுவரை சிவப்பு கணக்கில் சேராது. அதன்பின் ஒரு சிவப்பு விழுந்தாலும் கிடங்குதான்.

தவணை முடிந்த காலை, பணிமனையே வாசலில் நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினார். எந்த விளக்கும் எரியவில்லை. இயந்திரம் கண்ணைத் திறக்கச் சொன்னது, திறந்தார், பச்சை எரிந்தது. மனுஷன் நிம்மதியாக உள்ளே காலை வைத்தார். காவலாளி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"யாருங்க நீங்க? ரெட்டையர் எங்க?"

இன்றும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். வலக் கன்னத்தில் மங்கலாக ஒரு நிழல் பாக்கி இருக்கிறது. களிம்பு இருக்கைக்கு அடியில். அடையாள அட்டை சட்டைப்பையில், காவலாளிக்காக.