நேரம் போடாத பலகை

அந்த மலைக்கு ஏற வருகிறவர்கள் யாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை. பலகையம்மா என்றால் போதும், பஸ் கண்டக்டர்கூடக் கை காட்டிவிடுவார். வசந்தத்தின் மூன்று மாதமும் விடியுமுன் எழுந்து, உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் கற்குவியல்வரை ஏறுவாள். காற்றையும் குளிரையும் அளப்பாள், பனியை இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பாள். எட்டு மணிக்குள் இறங்கி, பாதை தொடங்கும் இடத்தில் நிற்கிற கரும்பலகையில் எல்லாவற்றையும் எழுதிப் போடுவாள். இடையில் நிலைமை மாறினால் அழித்து எழுதி, ஓரத்தில் மாற்றிய நேரத்தையும் போடவேண்டும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வசந்தம் இருக்கிறதே, அது பொல்லாத ஏமாற்றுக்காரி! கீழே பூவும் வெயிலுமாகப் பல்லைக் காட்டும். ஜனங்களும் அரைக்கைச் சட்டையோடு பாடிக்கொண்டு வந்து நிற்பார்கள். மேலே போனால் இன்னும் நடுக்குளிர்காலம். பகலில் இளகிய பனி, ராத்திரி வானம் மூடியிருந்தால் அப்படியே கிடக்கும். தெளிந்திருந்தால் இறுகிக் கண்ணாடியாகிவிடும். வந்தவர் போனவருக்கெல்லாம் இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னவள் அவள்தான். சொன்னவளே கோட்டை விட்டாள், அதுதான் கொடுமை.

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. புது ஷூ குதிகாலைக் கடித்துக் கொப்புளம் போட்டிருந்தது. அந்த வாரம் முழுக்க மேலே ஒரே நிலைமை. பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தவள், "நேத்து மாதிரிதானே இருக்கப் போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாள். அன்று விடியற்காலையில் குளிர் தாங்காமல் இரண்டாவது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவளும் இவளேதான். உடம்புக்குத் தெரிந்தது புத்திக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

'பனி இளகியிருக்கிறது, காற்று லேசு' என்று எழுதிவிட்டுத் திரும்பினால், கண்ணாடி போட்ட ஒருவர் நிற்கிறார். பள்ளிக்கூட வாத்தியார். ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்புமுள் பட்டை இரண்டு அவர் கையில் தொங்கியது.

"மேல எப்படிங்க இருக்கு? இது வேணுமா?"

"மெத்து மெத்துனு இருக்கு சார். வீண் சுமை எதுக்கு?"

"வீட்டம்மா வாங்கிக் குடுத்தது. போடலைன்னு தெரிஞ்சா என்னை உண்டு இல்லைனு பண்ணிடுவா" என்று சிரித்துக்கொண்டே அதைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டு ஏறினார்.

பத்தரை மணிக்கு, மலையின் அந்தப் பக்கமாக ஏறியிருந்த இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். வடக்குச் சரிவு முழுக்கக் கண்ணாடியாக இருக்கிறதாம், ஒருத்தர் வழுக்கிக் கீழே போய்விட்டாராம். போன் பண்ண, பலகைக்குப் பக்கத்திலிருந்த வனத்துறை ஆபீஸ் அறைக்குள் ஓடினார்கள். அவள் நேரே பலகைக்குப் போனாள். ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். 'கடும் பனிக்கட்டி. முள்பட்டை இல்லாமல் ஏறாதீர்கள்.' எழுதியது உண்மைதான், பின்னால் வருகிறவர்களுக்கு வேண்டியதும்தான். ஆனால் ஓரத்தில் நேரம் மட்டும் போடவில்லை. வாத்தியாரைப் பிணமாகத்தான் இறக்கினார்கள். ஆபீஸ்காரர்கள் வந்து பலகையை போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை.

அதற்கப்புறம் காய்ச்சலோ மழையோ, ஒரு நாள்கூட அவள் பாதியில் திரும்பியதில்லை. ஏறும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்கும். இவள் நின்றால் அது ஒரு எட்டு கூடுதலாக வைத்துவிட்டு நிற்கும். திரும்பிப் பார்த்தால் பனியில் இவள் தடம் மட்டும்தான். போதாக்குறைக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, தோளுக்குப் பின்னால் மரியாதையாக ஒரு குரல்: "மேல எப்படிங்க இருக்கு?" அவளும் "ஏறாதீங்க சார்" என்று பதில் சொல்லிவிடுவாள். அவள் புருஷன் லாரி டிரைவர், கிண்டலுக்குக் குறைச்சலில்லாத ஆள். "செவுத்துக்கிட்ட சொல்றியே, அது எந்த மலைக்கு ஏறப் போகுது?" என்பான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அதைவிடப் பெரிய தண்டனை வாத்தியாரின் மனைவி. ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் வந்து இவள் கையைப் பிடித்துக்கொள்வாள். "நீங்க உங்க கடமையைச் செஞ்சீங்கக்கா. எழுதி வச்சிருந்தும் அந்த மனுஷன் கேக்கலையே! நான் வாங்கிக் குடுத்த ஒரே காரணத்துக்காக டிக்கியில போட்டுட்டுப் போயிருக்கார்." பலகையம்மா கையை உருவிக்கொண்டு டீ போடப் போவாள்.

இந்த வருஷம் வாத்தியாரின் மனைவி ஒரு தகரப் பலகையோடு வந்தாள். மேல்பாதியில் வாத்தியாரின் போட்டோ, கீழ்ப்பாதி வெறும் வெள்ளை. கூடவே ஒரு டப்பா கறுப்பு பெயின்ட், பிரஷ்.

"ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கிட்டேன்கா. இங்கயே மாட்டப் போறாங்க. 'எச்சரிக்கையைப் படித்தும் மதிக்காமல் போனவர்'னு எழுதணும். நாலு பேருக்காவது புத்தி வரட்டும். உங்க கையெழுத்துல இருந்தா நல்லா இருக்கும்."

அவள் பிரஷை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயின்டில் தோய்த்தும்விட்டாள். போட்டோவில் அந்த மனிதர் வீட்டம்மாவின் சண்டைக்குப் பயந்த அதே சிரிப்போடு இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவனைக் கொன்றது போதாதென்று, அவன் தலையில் பழியையும் தன் கையாலேயே எழுதுவதா? பிரஷை டப்பாவிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

"நான் எழுத மாட்டேன்மா."

"ஏங்கக்கா?"

"அவர் கேட்டார். இது வேணுமானு என்கிட்ட கேட்டார். நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கொப்புளம், பாதி வழி, ஈரத்துணி, போடாத நேரம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். ஒரு சாக்குப்போக்கும் சொல்லவில்லை.

அந்த அம்மா அடிக்கவில்லை, கத்தவில்லை. தகரப் பலகையை எடுத்து, போட்டோவின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாலு வருஷமா, சோறு போடும்போதுகூட இவரைத் திட்டியிருக்கேன்" என்றாள். "என் பொண்ணு முன்னாடி. 'உங்கப்பனுக்கு நம்ம மேல அக்கறை இருந்திருந்தா அதைப் போட்டிருப்பான்'னு. அவளும் அதையே நம்பிட்டா. அப்பா பேரை எடுத்தாலே எழுந்து போயிடுறா."

"மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாய் இல்லம்மா."

"கேக்காதீங்க. எனக்கு மன்னிக்க வராது." தகரத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அவ வண்டியில உக்காந்திருக்கா. வாங்க. நீங்களே உங்க வாயால அவகிட்ட சொல்லுங்க."

காருக்கு இருபது எட்டுகூட இருக்காது. பலகையம்மா போனாள். கண்ணாடி இறங்கியது. பதினைந்து வயசுப் பெண், அதே கண்கள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அவசர அவசரமாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"நீங்கதான் பலகையம்மாவா, ஆன்ட்டி? எங்கம்மா எப்பவும் சொல்வாங்க, எங்கப்பாவைக் காப்பாத்தப் பார்த்த ஒரே ஆள் நீங்கதான்னு."