சூடு என்றுதான் சொன்னார்கள்

இதைக் கதை என்று சொன்னால் எக்ஸ்பிரஸ் சிஸ்டருக்குக் கோபம் வரும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே, "வயித்துல பூச்சி இருக்கும், மாத்திரை போடு" என்று வாயை அடைக்கிற நர்ஸ் அவர். அப்படிப்பட்டவருக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஆட்கள் நடமாடுகிற வார்டில்.

எக்ஸ்பிரஸ் என்பது வார்டு வைத்த பெயர். மற்றவர்கள் சிரிஞ்சைத் தேடி எடுப்பதற்குள் இவர் நாலு பேருக்கு ஊசி போட்டு முடித்திருப்பார்.

அன்று மதியம் மழை. வார்டு இருண்டு கிடந்தது. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெயின்டர். காலில் ஆணி குத்திய புண் பழுத்து, கிருமி ரத்தத்தில் ஏறி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் பென்சிலின் ஊசி எழுதியிருந்தார். உடனே போட வேண்டும். தள்ளிப் போட்டால் ஆள் தேறமாட்டார்.

அலர்ஜி ஏதாவது உண்டா என்று பெயின்டரின் மனைவியிடம் கேட்டார் சிஸ்டர்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். கல்லைத் தின்னாலும் ஜீரணிப்பாரு மனுஷன்."

சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையில் சோதனை ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. தடிப்பு இல்லை. மருந்துப் பொடியில் தண்ணீர் விட்டுக் கரைத்தார். சிரிஞ்சில் ஏற்றினார். தட்டிக் காற்றை வெளியேற்றினார்.

சர்க்... சர்க்...

யாரோ சொறிகிற சத்தம். பக்கத்துக் கட்டிலின் திரைக்குப் பின்னாலிருந்து.

திரை பாதி விலகியிருந்தது. ஓர் இளைஞன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கழுத்தெல்லாம் சிவப்புத் திட்டு. விடாமல் சொறிந்துகொண்டிருந்தான். புதுக் கேஸ் வந்ததை யாரும் சொல்லவில்லையே என்று சிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டார். இவருக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவனிடம் சொன்னார்.

சத்தம் நின்றது.

பெயின்டரின் கையிலிருந்த குழாயில் சிரிஞ்சைப் பொருத்தினார். கட்டை விரல் அழுத்தப் போனது.

"அது சூடு இல்ல."

காதோரம். நெரித்த தொண்டையிலிருந்து பிதுங்கி வந்த குரல்.

திரும்பினார்.

பக்கத்துக் கட்டில் காலி. விரிப்பில் ஒரு கசங்கல் இல்லை.

சர்க்...

சத்தம் மட்டும்.

"அது... சூடு... இல்ல."

விரல் மரத்துவிட்டது.

"சூடுன்னா என்னம்மா?" மனைவியைக் கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

அந்தம்மா விழித்தார். "உங்களுக்கு யாரு சொன்னா? போன வருஷம் பல்லு வீங்கினப்ப இதே மாதிரி ஒரு ஊசி போட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கி, மூச்சு இழுத்துச்சு. உடம்புச் சூடுன்னு தலையில தண்ணி ஊத்தினோம். சரியாயிடுச்சு."

"அதைத்தானேம்மா கேட்டேன்."

"நீங்க அலர்ஜின்னுதானே கேட்டீங்க? அது சாப்பாடு ஒத்துக்காம போறதில்லையா?"

சிரிஞ்சைக் கழற்றினார் சிஸ்டர். டாக்டருக்குப் போன் போட்டார். சோதனையில் தடிக்காவிட்டாலும், முன்பு இப்படி ஆனவர் பென்சிலின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் பதறினார். வேறு இன மருந்து வந்தது. அதைப் போட்ட பிறகும் சிஸ்டர் கட்டிலை விட்டு நகரவில்லை.

பெயின்டர் பிழைத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படிச் சூடு வந்ததுண்டா என்று சிஸ்டர் மெதுவாக விசாரித்தார்.

"என் தம்பிக்கு. வேலைக்குப் போன இடத்துல, காய்ச்சல்னு யாரோ ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ரூம்ல நானும் அவனும்தான். கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தான். வெறும் சூடுடா, படுன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தொண்டை அடைச்சுப் போச்சு. அவ்வளவுதான், போயிட்டான்."

பெயின்டர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கடைசியா என்ன சொல்ல வந்தான்னுதான் இன்னி வரைக்கும் தெரியல சிஸ்டர்."

சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது.