பாடு இல்லை என்றாள் அம்மா

2006-ஆம் வருடம். தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சமூகவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கடற்கரை மக்களைப் பற்றி ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார் சார். இன்டர்னல் மார்க்கில் பெரும்பங்கு அதற்குத்தான். எனக்கு எம்.ஏ. படிக்க ஆசை. சாரிடம் நல்ல பெயர் இல்லாமல் அது நடக்காது.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம்தான் எங்கள் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். இதை வகுப்பில் நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் வருடம் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏதோ ஸ்மெல் வருதுல்ல?" என்று கேட்டாள். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் மூன்று நாள் தேடினேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் கரண்ட் போய்விடும். கிடைத்ததில் நான்கு கட்டுரைகள் சுமார் ரகம். ஐந்தாவது, மீன் விற்கும் பெண்களைப் பற்றியது. வழவழவென்று இங்கிலீஷ், நிறைய அட்டவணைகள், அதுவும் எங்கள் பக்கத்துக் கடற்கரை! விடுவேனா? அதையே முதலாவதாக வைத்தேன்.

எங்கள் வகுப்பில் யாரும் கட்டுரையை முழுசாகப் படித்ததில்லை. முதல் பக்கத்தில் சுருக்கம், கடைசிப் பக்கத்தில் முடிவுரை, அவ்வளவுதான். நானும் அதைத்தான் செய்தேன். 'இந்தப் பெண்கள் தங்கள் நிலையில் நிறைவாகவே இருக்கிறார்கள், இவர்களுக்கு வருமான உதவியைவிட விழிப்புணர்வு முகாம்களே தேவை' என்று முடிவுரை சொன்னது. கூச்சமே இல்லாமல் 'ஆழமான ஆய்வு' என்று எழுதினேன். சாரிடம் காட்டினேன். "எக்ஸலன்ட் செலக்‌ஷன்மா. இதைக் கிளாஸ்ல வாசிச்சுடு" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவோடு கேளம்பாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலி அன்னக்கூடை காலடியில், மடக்கிய மஞ்சள் குடை மடியில். என் கையில் இருந்த காகிதக் கட்டைப் பார்த்து, "இன்னாடி அது?" என்றாள்.

"மீன் விக்கிறவங்களப் பத்தி எழுதியிருக்காங்கம்மா. ரொம்ப நல்லா இருக்குன்னு நான் எழுதிக் காட்டினேன், சார் பாராட்டினாரு."

"எங்களப் பத்தியா? படி, கேக்கலாம்."

சும்மா நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். 'தாம்பரம் மார்க்கெட் வாசலில் மஞ்சள் குடையின் கீழ் அமர்ந்திருந்த நாற்பது வயதுப் பெண்ணிடம் நிலைமை எப்படி என்று கேட்டோம். "இன்று கஷ்டமே இல்லை" என்று பதில் சொன்னார்.'

அம்மா குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணா? சுனாமிக்கு அப்பால டேப்பு வச்சிக்கினு வந்துச்சே, அதுவா? நான் எங்கடி கஷ்டம் இல்லன்னேன்? பாடே இல்லம்மான்னு சொன்னேன். கட்டுமரம் வெறுங்கையா வந்துச்சு. ஐஸ் மீன வாங்கியாந்து குந்திக்கினு இருந்தேன். அத்தச் சொன்னேன்."

எங்கள் ஊரில் பாடு என்றால் வலையில் விழுந்த மீன். பாடு இல்லை என்றால் அன்றைக்கு அடுப்பு எரிவதே சந்தேகம். டவுனில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்குப் பாடு என்றால் படுகிற கஷ்டம். கஷ்டம் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். அடிப்பாவி! ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?

அம்மா கோபப்படவில்லை. "சரி, நீ இத்தப் படிச்சிட்டுதான் நல்லா கீதுன்னு எழுதினியா?" என்று கேட்டாள்.

காகிதக் கட்டை மடக்கிப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக லைப்ரரியில் உட்கார்ந்து நான் எழுதியிருந்த அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இந்தக் கட்டுரை ஏன் தப்பு, பாடு என்றால் என்ன என்று புதிதாக எழுதினேன். வகுப்பில் எழுந்து அதையே வாசித்தேன். சாரின் முகம் மாறிவிட்டது.

"ஜர்னல்ல பிரிண்ட் ஆனதை நீ தப்புங்கற. உனக்கு இது எப்படித் தெரியும்?"

"எங்கம்மா சொன்னாங்க சார்."

வகுப்பே சிரித்தது. "உங்கம்மா சொன்னதெல்லாம் ரெஃபரன்ஸ் ஆகாதும்மா" என்று சாரும் சிரித்தார்.

எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "அதுல போட்டிருக்கிறதும் எங்கம்மா சொன்னதுதான் சார். தாம்பரம் மார்க்கெட்ல மஞ்சக் குடை வச்சு மீன் விக்கிறாங்க. போய்க் கேட்டுப் பாருங்க."

சிரிப்பு நின்றது. மூக்கைப் பொத்தியவள் குனிந்துகொண்டாள். சார் கேட்கவெல்லாம் போகவில்லை. மார்க்கெட் கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். 'ஆதாரம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதிப் பாதி மார்க்கைக் குறைத்துக் கொடுத்தார். எம்.ஏ.வை வேறு கல்லூரியில் படித்தேன்.

இப்போது நானே பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் கட்டுரையோடு வந்தால் முதலில் நடுப் பக்கத்தைத் திறந்து கேள்வி கேட்கிறேன். என்னை ரொம்பக் கறார் என்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். டேப்போடு வந்த அந்தப் பெண் மீதும் சார் மீதும் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனால் பஸ்ஸில் அம்மா கேட்ட கேள்வி அவர்கள் இருவரிடமும் கேட்டதல்ல, என்னிடம் கேட்டது.