மாரியில் விசுவமடு: செல்லையாவை ஏற்றிவந்த பயணம்

போன ஐப்பசியில் நாங்கள் விசுவமடுவுக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் சவாரிக்காரர்கள். அவர்களுக்குத் தேவை மாடு ஓடிய கதை. மீதிப்பேர் எங்கள் உதவிக்கூட்டின் சார்பில் இனிமேல் வன்னிக்குள் வீடுவீடாகப் போகப்போகிறவர்கள். நான் எழுதுவது இவர்களுக்காக. மற்றவர்களும் வாசிக்கலாம், தடையில்லை.

மாட்டு வண்டிச் சவாரி பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரமில்லாத சின்ன வண்டி, அதில் பூட்டிய இரண்டு நாம்பன் மாடு, ஒரு வெட்டவெளி. சனம் இரண்டு பக்கமும் நின்று கத்தும், மாடு பறக்கும். மாட்டுக்குக் கால் பிசகினால் நாலு ஊர்ச் சனம் எண்ணெய்ப் போத்தலோடு ஓடிவரும். ஓட்டினவன் விழுந்தால் "ஐயோ பாவம்" என்று ஒருதரம் சொல்லிவிட்டு அடுத்த சோடியைப் பார்க்கத் திரும்பிவிடும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்துதான், என் வீட்டுக்காரரையும் அவருடைய கூட்டாளிகளையும் பிடித்து இந்த உதவிக்கூட்டைத் தொடங்க வைத்தேன். அறுவடை முடிய ஒவ்வொரு சவாரி வீடும் ஒரு மூட்டை நெல் தரவேண்டும். அடிபட்டுக் கிடப்பவன் வீட்டு அடுப்பும் வைத்தியமும் அதில் நடக்கும். நெல் கிடப்பது கிளிநொச்சியில் எங்கள் வீட்டில். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், அதனால் எல்லாருக்கும் ரீச்சர்.

செல்லையா விசுவமடுக் கொலனியில் காணி எடுத்துக் குடியேறியவர். புரட்டாசியில் முள்ளியவளைப் பக்கம் நடந்த ஓட்டத்தில் வண்டி குடைசாய்ந்து, சில்லு அவருடைய வலது காலில் ஏறிவிட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்ததாம். முறிவுக்கு மூலிகைப் பத்துக் கட்டிய பரியாரியார், புண் பழுதாகத் தொடங்கியதும், "இனி இது என்ர கையில இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். செல்லையா அசையவில்லை. ஆஸ்பத்திரியில் காலை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். காய்ச்சல் ஏறுகிறது, கால் மணக்கிறது என்று முல்லைத்தீவு பஸ்ஸில் வந்த ஒருவர் எங்களிடம் சொன்னார்.  இனிப் போகப்போவது கால் மட்டுமல்ல, ஆளே என்று எனக்கு விளங்கிவிட்டது.

பஸ்ஸெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போனபிறகு பரந்தன் - முல்லைத்தீவு ஓட்டம் பரவாயில்லை. ஆனாலும் நோயாளியைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஞானம் என்கிற முல்லைத்தீவுக்காரரின் ஒஸ்ரின் காரை, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் சேர்த்து முப்பத்தைந்து ரூபாய்க்குப் பேசினோம். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குக் கிளிநொச்சியை விட்டோம். பரந்தன் மூன்று மைல். அங்கே கிழக்கே திரும்பினால் விசுவமடு இன்னும் பதினொரு மைல்.

பரந்தனில் தேத்தண்ணிக்கு நின்றபோது காரின் பின்பெட்டியைத் திறந்து பார்த்தேன். நோயாளிக்குப் பாயும் தலையணையும் வைக்கத்தான் திறந்தது. உள்ளே எள்ளுப்புண்ணாக்கு, உழுந்து, இரண்டு போத்தல் நல்லெண்ணெய், உமிக்குள் புதைத்த முட்டை. எல்லாம் மாட்டுக்கு! மனிசனுக்கு ஒரு சோடாப் போத்தல்கூட இல்லை.

"இதென்னப்பா இது?" என்றேன்.

"மூண்டு கிழமையா அதுகளை ஆர் பாத்திருப்பினம்? மெலிஞ்சு போயிருக்குங்கள்" என்றார் இவர், என் வீட்டுக்காரர். முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை. ஞானம் சிரிப்பை அடக்க வெளியே போய் மழையில் நின்றார். நான் கடையில் பாணும் குளுக்கோஸ் பெட்டியும் வாங்கிக்கொண்டு ஏறினேன். தர்மபுரம் வரைக்கும் இவரோடு ஒரு சொல் பேசவில்லை.

தர்மபுரம் தாண்டியதும் வந்தது வினை. நெத்தலியாறு பாதைக்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தது. பாதையோரக் கட்டைகளின் தலை மட்டும் தெரிந்தது. ஞானம் காரை நிறுத்தி, இறங்கி, காலை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "கார் இறங்காது ரீச்சர். எஞ்சினுக்குள்ள தண்ணி போச்சுதெண்டா இஞ்சையே கிடக்க வேண்டியதுதான். நான் இந்தக் கரையில நிக்கிறன், நீங்கள் ஆளைக் கொண்டு வாங்கோ. இருட்டினால் நான் நிக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார். அவரைக் குறை சொல்லேன். யானை வருகிற பாதை அது.

அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்த நாலு இளந்தாரிகளோடு கைகோத்துக்கொண்டு நாங்களும் இறங்கினோம். தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. நடு இடத்தில் கால் இழுபட்டபோது, வாழ்க்கையில் முதல்தடவையாக இவருடைய சேட்டுக் கையை இறுக்கிப் பிடித்தேன். அக்கரையிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் சேற்றில் நடை. நாங்கள் கடந்த தண்ணீர் ஏறுகிற தண்ணீர் என்பதுதான் வழிமுழுக்க என் மனதில் இருந்தது.

செல்லையாவின் வீட்டுப் படலையிலேயே மணம் வந்துவிட்டது. உள்ளே கட்டிலில் ஆள் எலும்பாகக் கிடந்தார். கண் மட்டும் பளபளத்தது. மனைவி நாகம்மா எங்களைக் கண்டதும் அழவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, "நீங்களெண்டாலும் சொல்லுங்கோ ரீச்சர்" என்றா. துணியை விலக்கிக் காட்டினா. முழங்காலுக்குக் கீழே கருநீலமாக வீங்கியிருந்தது. அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு தொடைப் பக்கம் ஏறியிருந்தது. நான் தாதியல்ல. ஆனாலும் அந்தக் கோடு இன்னும் மேலே ஏறினால் ஆள் தப்பாது என்று எனக்கும் தெரியும்.

இவர் சொன்னார், நான் சொன்னேன், பக்கத்துக் காணிக்காரர் வந்து சொன்னார். செல்லையா ஒரே பிடி.

"அண்ணை, வெட்டிப்போடுவாங்கள். கால் ஊண்டாமல் வண்டியில நிக்கேலுமோ? சவாரிக்காரனுக்கு ஒரு கால் இல்லையெண்டா அவன் ஆர்? என்னை இப்படியே விட்டிட்டுப் போங்கோ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, முழுக் காலோட உம்மை எரிப்பம். அது வடிவாத்தான் இருக்கும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் இரண்டு மைலுக்கு அப்பால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நாகம்மா கதவோரத்திலிருந்து பேசினா. சத்தம் போடவில்லை. "இஞ்சருங்கோ. மூண்டு கிழமையா அந்தச் சோடிக்கு நான்தான் தண்ணி வைக்கிறன், நான்தான் குளிப்பாட்டுறன். நீங்கள் காலோட செத்தியளெண்டா, எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிய அதுகளை வித்துப்போடுவன். கால் இல்லாமல் வந்தியளெண்டா, கழுத்துத் தாலியை விப்பன், அதுகளை விக்கமாட்டன். இதுக்கு மேல எனக்குக் கதைக்கத் தெரியாது."

 மழை கிடுகுக் கூரையில் கொட்டியது. செல்லையா முகட்டிலிருந்து கண்ணை எடுத்து அவவைப் பார்த்தார்.

"அப்ப சோடியைக் கட்டுங்கோ. வேற ஆரின்ரையோ வண்டியில பிணம் மாதிரி நான் போகமாட்டன்."

இதிலுள்ள ஆபத்து சவாரிக்காரருக்கு விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மாடுகள் பாரம் இழுத்தறியாதவை. நடக்கப் பழக்கியதேயில்லை, ஓடத்தான் தெரியும். ஆனால் விதைப்புக் காலம், கொலனியில் சும்மா நின்ற வேறு வண்டியும் இல்லை. வைக்கோலைப் பரப்பி, பாயைப் போட்டு, செல்லையாவைப் பலகையோடு சேர்த்துக் கட்டி ஏற்றினோம். பெண்கள் சவாரி வண்டியில் ஏறக்கூடாது என்று ஒரு சாத்திரம் இருக்கிறது. பக்கத்துக் காணிக்காரர் அதை நினைவுபடுத்த வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். நாகம்மா கால்மாட்டில், நான் தலைமாட்டில். மாடுகளின் நாணயக் கயிறு இவர் கையில்.

இவர் அந்தக் காலத்தில் பேர் எடுத்த ஓட்டக்காரர்தான், ஒத்துக்கொள்கிறேன். மெல்ல மெல்ல, கயிற்றை இழுத்துப் பிடித்து, தாலாட்டுகிற மாதிரிப் பேசிப் பேசி நடத்திக்கொண்டு வந்தார். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் செல்லையா பல்லைக் கடித்தார். ஒரு மைல் போனது, இரண்டாவது மைலும் போனது. ஆறு கண்ணுக்குத் தெரிந்தது. அக்கரையில் கார். "அம்மாளாச்சி, இன்னும் கொஞ்சம்" என்று வற்றாப்பளை அம்மனை வேண்டினேன்.

ஆற்றங்கரையில் வெள்ளம் பார்க்க ஒரு கூட்டம் நின்றது. நல்ல சனம், செல்லையாவுக்கு வேண்டிய சனம். அந்த வெள்ளைச் சோடியைக் கண்டதும் அதுகளுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. ஒருவன் துவாயைத் தலைக்கு மேலே சுழற்றினான். "செல்லையாண்ணையின்ர சோடி! விடு! விடு! விடு!" என்று முழுக்கூட்டமும் கத்தியது.

மாடு என்ன செய்யும்? அது படித்த பாடம் அதுதான். வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மாட்டையாவது மன்னிக்கலாம். கயிற்றை இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய என் வீட்டுக்காரர், அந்தச் சத்தம் காதில் விழுந்ததும், எழும்பி நின்று, கயிற்றைத் தளரவிட்டு, "ஏய்! ஏய்!" என்று தானும் கத்தினார்! இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் செல்லையாவின் தோளை இரண்டு கையாலும் அமத்தினேன். ஆள் வலியில் செத்துப்போவார் என்று நினைத்தேன். அவரோ தலையை நிமிர்த்தி, "அண்ணை, இடத்தான் மாடு பிந்துது, அவனைத் தட்டு! தட்டு!" என்று கட்டளை போட்டார்.

"விசர்ப் பிடிச்ச கூட்டமே!" என்று நான் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. அதே வேகத்தில் தண்ணீருக்குள் விழுந்தோம். முன்னால் ஒரு சுவர் மாதிரித் தண்ணீர் எழும்பியது. நடு இடத்தில் வண்டியின் பின்பக்கம் மிதந்து பக்கவாட்டில் நகர்ந்தது. ஒரு பாதையோரக் கட்டை சில்லோடு உரசிக்கொண்டு போனது. நாகம்மா கணவருடைய நல்ல காலை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தா. பிறகு மாடுகளின் குளம்புக்குத் தரை பிடிபட்டது. இரண்டும் மூச்சிரைக்க மேட்டில் ஏறி, ஞானத்தின் காரைத் தாண்டி ஒரு நூறு யார் தூரம் போய்த்தான் நின்றன.

வேகமாக இறக்கியதால்தான் வண்டி இழுபடாமல் தப்பியது, மெல்லப் போயிருந்தால் கவிழ்ந்திருக்கும் என்று இவர் ஊர்முழுக்கச் சொல்லித் திரிகிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

சோடியைப் பின்பெட்டித் தீனியோடு தர்மபுரத்துக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, செல்லையாவைக் காருக்கு மாற்றினோம். ஆனையிறவைத் தாண்டும்போது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டபடி போனோம். பெரியாஸ்பத்திரியில் டொக்டர் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், எங்களை வெளியே போகச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "இண்டைக்கு வந்தபடியால் முழங்கால் தப்பிச்சுது, ஆளும் தப்பிச்சார்" என்றார் டொக்டர். இவர் ஆஸ்பத்திரி மதிலோரம் போய் நின்று அழுதார். சத்தமாகவே அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அதுவரைக்கும் இருந்த கோபத்தை அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

கண் விழித்த செல்லையா ஒருவரோடும் பேசவில்லை. உதவிக்கூட்டுக்காரர் தோடம்பழத்தோடு வரிசையாக வந்தார்கள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். நெல்லை அனுப்பினோம், விதைப்புக்கு ஆள் அனுப்பினோம், நாகம்மா எல்லாவற்றையும் வாங்கி வைத்தா. மனிசன் படலைக்கு வரவில்லை. நாங்கள் உயிரைக் காப்பாற்றினோமா, அல்லது பாதியைத்தான் கொண்டுவந்தோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இனி, போகிறவர்களுக்கு. மாரியில் போவதானால் தர்மபுரத்தில் ஆற்று நிலவரத்தை விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். காருக்கு முப்பத்தைந்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். நோயாளி ஏறுகிற வண்டியில் சவாரி மாட்டைப் பூட்டவே பூட்டாதீர்கள். பூட்டினால் கயிற்றை ஒரு சவாரிக்காரர் கையில் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தனியாகப் போகாதீர்கள். போகிற வழியில் விசுவமடுவில் இறங்கிச் செல்லையாவையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.

காரணம் சொல்கிறேன். தையில் தண்ணீரூற்றிலிருந்து செய்தி வந்தது. கந்தசாமி என்கிற ஓட்டக்காரருக்கு மாடு மிதித்த கை பழுதாகிக் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாராம். போகிற வழியில் செல்லையா வீட்டில் நிறுத்தி நாகம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த செல்லையா, கவைக்கோலை ஊன்றிக்கொண்டு வெளியே வந்து காரில் ஏறி இருந்தார்.

தண்ணீரூற்றில் நானும் இவரும் தொண்டை வறளக் கதைத்தோம். கந்தசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். செல்லையா கதிரையை இழுத்துக் கட்டிலோரம் போட்டு இருந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கினார்.

"திரும்பு. வடிவாப் பார்" என்றார். "இதை வெட்டேக்குள்ள நானும் செத்துப்போனனெண்டுதான் நினைச்சனான். இப்ப எனக்குப் பசிக்குது. உன்ர வீட்டில இண்டைக்கு என்ன சோறு?"

கந்தசாமி திரும்பினார். அந்தக் காலைக் கனநேரம் பார்த்தார்.

"நோகுமோ அண்ணை?"

"ஓம், நோகும். இல்லாத காலும் நோகும். உனக்கு நான் பொய் சொல்லமாட்டன்."

 கந்தசாமி நல்ல கையை ஊன்றி எழும்பி இருந்து, குசினியில் நின்ற தாயைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, அண்ணைக்குச் சோத்தைப் போடு. போட்டுக்கொண்டு போக என்ர சேட்டையும் எடுத்துத் தா."